அம்மாயியின் பொறுப்பும் மகவேற்புச் சட்டமும்

மலையகத்தில் பெற்றோர் அருகில்லாமல் வளரும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சிறுவர் இல்லத்தில் தொடங்கி மகவேற்பில் முடிகிறது. இடையிலிருக்கும் அம்மாயி, அதாவது தாயைப் பெற்றவள், கணக்கில் வருவதில்லை. தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ பணிப்பெண்ணாகப் போக, தகப்பன் கொழும்பில் கடை வேலைக்கு நிற்க, ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்ட லயங்களில் பிள்ளையை வளர்ப்பது அவளோ பெரியம்மாவோதான். புதுக் குடும்பம் தேடுமுன் இந்த வளர்ப்புக்குச் சட்டத் தகுதி தர வேண்டும் என்பதே என் வாதம்.

1970, 80களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்கு மகவேற்பில் அனுப்பப்பட்டார்கள். பெற்ற தாயாக நடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்களையும் பொய்ப் பத்திரங்களையும் நெதர்லாந்தின் 'செம்ப்ளா' தொலைக்காட்சி 2017இல் வெளிக்கொணர்ந்தது. அதற்கு வெகு முன்பே இலங்கை 1992ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் விதிகளை இறுக்கியது. 1995இல் ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. வறுமை வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இன்றும் இல்லங்களிலுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருக்கிறார்கள்.

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. கைவிட்டவரின் சம்மதம் தேவையில்லை என்று நீதிமன்றம் தீர்மானிக்கவும் இடமுண்டு. இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவளிடமிருந்து பணமோ தொலைபேசி அழைப்போ வராவிட்டால், அது கைவிடலா? எசமான் கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருக்கலாம். இந்த ஐயத்துக்கு 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது: உறவினரோ அல்லாதவரோ, தகுந்த ஆளிடம் பிள்ளையை நீதிமன்றமே ஒப்படைக்கலாம். பெற்றவளின் உரிமை முறியாமல் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைக்கிறது.

அந்த வழியில் நடக்க அம்மாயியிடம் ஆவணம் வேண்டும். பெற்றோரின் கல்யாணம் பதிவாகியிருக்காது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தலைமுறையின் மகள் அவள். இருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். கடிதமும் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். ஒரு காம்பராவும் இஸ்தோப்புமாக ஆறு பேர் படுத்தெழும் வீடு நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையில் எளிதில் குறையாகப் பதியும். அதே அளவுகோலால் பார்த்தால் லயத்துத் தம்பதியர் மகவேற்க விண்ணப்பிப்பதும் கடினந்தான்.

உறவென்றால் எல்லாம் பத்திரம் என்று நான் சொல்லவரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பியதில் சொந்தக்காரரின் கையும் உண்டு. பெற்றோரல்லாமல் பிள்ளையை வைத்திருப்போரைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை 1941ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்துக்கொண்டது காரணமில்லாமலல்ல. ஆஸ்பத்திரியில் விடப்பட்டு, தேடியும் எவரும் கிடைக்காத சிசுவுக்கு மகவேற்பே உரிய வழி. அங்கே தாமதந்தான் கேடு.

மற்றப் பிள்ளைகளுக்கு விசாரணை, தோட்டத்தின் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலிருந்து தொடங்கட்டும். கொழுந்து நிறுத்த பிறகு யார் வந்து பிள்ளையைத் தூக்கிப் போகிறார்கள் என்பது அங்குள்ள ஆயாவுக்குத் தெரியும். அந்த ஆளின் ஆவணக் குறையைத் தீர்ப்பதும், மாதாந்தம் ஒரு கொடுப்பனவு தருவதும் நன்னடத்தைத் திணைக்களத்தின் கடமையாக எழுதப்பட வேண்டும்.