குடவோலை நாடகத்தில் நான் எடுத்த ஓலை

பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு முகம் முழுக்க அப்பிய பவுடர், கண் மையால் வரைந்த மீசை, 'கொய்ங்' என்று கத்தும் மைக், இதெல்லாம் ஞாபகம் வரும். கூடவே ஒரு மண் பானையும் ஞாபகம் வரும்.

எனக்குச் சொந்த ஊர் உத்திரமேரூர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்தான். ஆனால் சமூக அறிவியல் புத்தகத்தில் 'குடவோலை முறை' பாடம் வரும்போது எங்கள் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். புத்தகத்தில் நம்ம ஊர் பெயர் வருகிறதே! அதனால் எங்கள் பள்ளியில் ஆண்டு விழா என்றால் குடவோலை நாடகம் கட்டாயம் இருக்கும். மற்ற நாட்டியம், மாறுவேடம் எல்லாம் வருஷா வருஷம் மாறும். இது மட்டும் மாறாது.

நான்காம் வகுப்பில் எனக்கும் அதில் ஒரு வேடம் கிடைத்தது. பராந்தக சோழர் வேடம்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உயரமான பையனுக்கு அது போய்விட்டது. எனக்குக் கிடைத்தது 'சிறுவன்'. வசனம் ஒரு வரி கூடக் கிடையாது. பானைக்குள் கையை விட்டு ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மத்தியஸ்தராக நடித்தவன் என் பக்கத்து பெஞ்ச் நண்பன். ஓலையில் இருக்கும் பெயரை அவன் உரக்கப் படிக்க வேண்டும். ஏரிக்கரைப் பனையிலிருந்து ஓலை வெட்டி வந்து நறுக்கினோம். அதில் யாரும் எதையும் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும், அவனுக்குத்தான் 'நாராயண பட்டர்' என்ற பெயர் மனப்பாடம் ஆகிவிட்டதே!

விழா அன்று சீரியல் பல்பு வெளிச்சத்தில் மேடை ஏறினோம். கை நடுங்க ஓலையை எடுத்துக் கொடுத்தேன். நண்பன் அதை முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு "நாராயண பட்டர்!" என்று கத்தினான். ஒரே கைதட்டல். கடைசியாக ஓர் அக்கா மைக் முன்னால் வந்து, "இப்படித்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஊரில் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று சொல்லி முடித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆயா கேட்டது.

"அந்த ஓலையில என்னாடா எழுதியிருந்துச்சி?"

"ஒண்ணும் எழுதல ஆயா."

"அப்புறம் எப்படிடா அவன் படிச்சான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயா சிரித்துவிட்டு விட்டுவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் படித்தேன். ஆயா கேட்ட அதே கேள்வியை 1100 வருடங்களுக்கு முன்பே யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

கல்வெட்டு இருப்பது வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில். முதலாம் பராந்தக சோழரின் 12-வது ஆட்சியாண்டில் (கி.பி. 919) ஒன்று, 14-வது ஆட்சியாண்டில் (கி.பி. 921) இன்னொன்று என்று இரண்டு இருக்கின்றன. அப்போது ஊரின் பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். 1898-இல் கல்வெட்டுத் துறை இவற்றைப் படியெடுத்தது. பிறகு நீலகண்ட சாஸ்திரி போன்ற வரலாற்று ஆசிரியர்கள் விரிவாக எழுதியதால் உலகத்துக்கே தெரிந்தது.

முதலில் எங்கள் நாடகத்தில் ஒரு தப்பு. எங்கள் பராந்தகர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையில் அரசர் வரவில்லை. அவருடைய ஆணையோடு ஓர் அதிகாரி வந்து உடன் இருந்தார். விதிகளைத் தீர்மானித்தது ஊர் மகாசபை.

இரண்டாவது தப்பு பெரிய தப்பு. அங்கே ஓட்டு என்பதே கிடையாது. நடந்தது குலுக்கல். ஊரை 30 குடும்புகளாக (இன்றைய வார்டு மாதிரி) பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். ஒரு குடும்புக்கு ஒருவர் என்று 30 பேரை எடுத்தார்கள். அதிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு (ஆண்டு வாரியம்) 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் இரண்டுக்கும் தனியாகக் குடவோலை எடுத்து ஆறு ஆறு பேர். பதவி 360 நாள் மட்டும். ஒரு தடவை வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று வருடத்துக்கு வர முடியாது.

இனி என் வேடத்துக்கு வருகிறேன்!

குலுக்கல் பகலில்தான் நடக்க வேண்டும். சின்னவர் பெரியவர் எல்லோரும் உட்பட மகாசபை கூடியிருக்க வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒன்றும் அறியாத ஒரு பாலன் அதிலிருந்து ஒரு குடும்பின் கட்டை எடுப்பான். அந்த ஓலைகளை இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்க வேண்டும். அதிலிருந்து அந்தப் பாலனே ஒரே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தர் கையில் கொடுப்பான்.

இதற்கு அடுத்து வரும் விதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சிலிர்ப்பும் வந்தது. மத்தியஸ்தர் ஓலையை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம்! அதாவது விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது. வாங்கியதை அவர் படித்தால் மட்டும் போதாது. அங்கே உட்கார்ந்திருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரை எழுதிக்கொள்வார்கள்.

என் நண்பன் முஷ்டியை மூடிக்கொண்டு வெற்று ஓலையைப் "படித்தான்" அல்லவா? அப்படி ஒருவன் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதிய விதி இது. அந்த 'ஒன்றும் அறியாத' பாலன் கூட அதற்காகத்தான். நானோ ஓலையில் ஒன்றும் இல்லை என்று நன்றாகவே அறிந்த பாலன்!

நம்பாதவர்கள் எழுதிய விதிகள்

நான் படிப்பது பி.காம். ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று ஒன்று வரும். ஒருவர் செய்யும் வேலையை இன்னொருவர் தானாகவே சரிபார்க்கும்படி அமைப்பது. பணத்தை வாங்குபவரே கணக்கையும் எழுதக் கூடாது என்பது மாதிரி. இந்தக் கல்வெட்டைப் படித்தால் எனக்கு அந்தப் பாடம்தான் ஞாபகம் வருகிறது. குடத்தைத் தூக்குபவர் ஒருவர், ஓலையை எடுப்பவன் ஒருவன், படிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர்கள் பலர்.

இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக் கூடாது. மாமனார், சகோதரியின் கணவர், மருமகன் என்று உறவு முறைகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். தான் வர முடியாவிட்டால் மச்சானை நிறுத்தும் வேலை அன்றைக்கும் இருந்திருக்கிறது போல!

இரண்டு கல்வெட்டுகளுக்கும் நடுவில் இரண்டே வருடம்தான் இடைவெளி. 919-இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921-இல் அது 35 முதல் 70 வரை ஆகிவிட்டது. தகுதிகளும் தடைகளும் இன்னும் விரிவாக வந்தன. முதல் விதிகள் போதவில்லை, அதனால் திருத்தினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எல்லோரும் யோக்கியர்களாக இருந்த ஊருக்கு இத்தனை விதி எதற்கு? ஏமாற்றக்கூடிய மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, அதையும் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

குழந்தையின் கை

இது நம் ஊரில் மட்டும் தோன்றிய யோசனை இல்லை. இத்தாலியில் வெனிஸ் குடியரசு இருந்தது அல்லவா, அங்கே 'டோஜ்' என்ற தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268-இல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். குலுக்கலும் ஓட்டும் மாறி மாறி வரும். குலுக்கல் உருண்டைகளை எடுக்க, தேவாலயத்துக்கு வெளியே முதலில் கண்ணில் படும் சிறுவனைக் கூட்டி வருவார்களாம். ஸ்பெயின் நாட்டில் கிறிஸ்துமஸ் லாட்டரி எண்களை இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் மேடையில் நின்று பாடி அறிவிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத ஊர்கள் எல்லாம் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: பெரியவன் கையை நம்பாதே, குழந்தையின் கையை நம்பு!

நம் நாட்டிலும் குலுக்கல் முழுசாகப் போய்விடவில்லை. தேர்தலில் இரண்டு வேட்பாளர்கள் சமமாக ஓட்டு வாங்கினால் இன்றைக்கும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

யார் பெயர் குடத்துக்குள் போகும்?

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். ஆனால் அந்த அக்கா சொன்ன "எல்லோரும்" என்ற வார்த்தையை மட்டும் இப்போது என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெயர் குடத்துக்குள் போக வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். (வேதத்தோடு ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதும்.) இது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை. ஏரித் தண்ணீரில் உழுதவர், துணி நெய்தவர், பெண்கள் யாருடைய பெயரும் அதற்குள் இல்லை. அந்தக் குடத்தைச் செய்தவர் பெயரும் கூட இல்லை.

எங்கள் நாடகத்தில் மேடையில் ஒன்பது பேர் நின்றோம். நம்பிமார் மூன்று பேரும் மீசை வரைந்த பெண் பிள்ளைகள். மற்றவர்கள் விவசாயக் கூலி, கொத்தனார், டீக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அந்த ஒன்பது வீட்டில் எத்தனை பெயர் அன்றைய குடத்துக்குள் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று கூடத் தேறவில்லை.

இதைச் சொன்னால் ஊர் பெருமையைக் குறைக்கிறேன் என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைக்கு உள்ளாட்சித் தேர்தலில் நம் மாநிலத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. 2016-இல் அதற்குச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதான யாரும் ஓட்டுப் போடலாம், நிலமும் வேதமும் வேண்டாம். அந்தக் குடத்தின் வாயை அகலமாக்க ஆயிரம் வருடம் பிடித்திருக்கிறது. அகலமாக்கியது நாம்தானே, அதுவும் நம் பெருமைதானே?

போன பொங்கல் லீவில் நானும் அந்த மத்தியஸ்தர் நண்பனும் கோயிலுக்குப் போனோம். அவன் இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். சுவரைக் காட்டி ஐந்து விரல் கதையைச் சொன்னேன். உள்ளங்கையை விரித்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றான். "அன்னிக்கி நீ குடுத்த ஓலைய இன்னும் வச்சிருக்கேன்டா, அம்மா பெட்டில கெடக்கு" என்றான். எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆயா இப்போது இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆண்டு விழாவுக்குக் குடவோலை நாடகம் போடும் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஓலையில் நிஜமாகவே பெயர் எழுதிப் போடுங்கள். வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். யார் பெயர் வருகிறதோ வரட்டும், வசனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாங்குகிற பையன் மட்டும் ஐந்து விரலையும் விரித்து வாங்கட்டும்.