ஆறு மாதமும் ஐந்தாண்டும்: காசநோய் ஆய்வுகளின் எண்களைப் படித்தல்

மருத்துவ ஆய்வின் முடிவு பெரும்பாலும் ஓர் எண்ணாக நம் கைக்கு வருகிறது. என்ன கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எவ்வளவு காலம் கழித்துக் கேட்டார்கள் என்பவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். காசநோய் ஆராய்ச்சி இதைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டது. அந்தக் கல்வியின் இரு முக்கியக் கட்டங்கள் சென்னையிலும் செங்கல்பட்டிலும் நிகழ்ந்தன.

தொடக்கம் பிரிட்டனில். 1948 அக்டோபரில் அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டது. போருக்குப் பிந்தைய அந்நாட்டில் மருந்து எல்லாருக்கும் போதாது. யாருக்குத் தருவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தீர்மானித்து, விடையை மூடிய உறைகளில் வைத்தார் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும் கிடைத்தன. 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாம் குழுவில் 14 பேரும் இறந்தனர். இத்தகைய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று அறிக்கை கூறியது.

‘மருந்து பயனற்றது என்பதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு’ என்று இதைப் படித்துவிடுவோர் இன்றும் அதிகம். அறிக்கையின் கணக்கு அதைச் சொல்லவில்லை. மருந்துக்கு எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடு எத்தனை அரிதாக நேரும் என்பதை மட்டுமே அது அளக்கிறது. மருந்தின் பயன் எவ்வளவு என்பதை அறிய இறப்பு விகிதங்களைப் பார்க்க வேண்டும். 27 விழுக்காடு 7 ஆகக் குறைந்தது. சிகிச்சை பெற்ற ஐந்து பேரில் ஏறத்தாழ ஒருவரின் உயிர் அந்த ஆறு மாதத்தில் காக்கப்பட்டது என்று பொருள்.

அந்த ஆறு மாதத்தில் என்பதே இங்கு உயிரான சொல். அதே நோயாளிகளை ஐந்தாண்டு பின்தொடர்ந்து 1954இல் வெளிவந்த ஆய்வில் மருந்துக் குழுவில் 32 பேரும் மற்றக் குழுவில் 35 பேரும் இறந்திருந்தனர். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது கிருமிகள் அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்றிருந்தன. இரண்டு எண்களும் உண்மை. முதல் எண் கிடைத்ததோடு கணக்கை மூடியிருந்தால், ஒரு மருந்து போதாது, கூட்டு மருந்து வேண்டும் என்ற முடிவு எவ்வளவு தாமதமாகியிருக்கும்! அந்தப் பின்தொடர் ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் வாலஸ் ஃபாக்ஸ். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்துக்குத் தலைமையேற்க வந்தவரும் அவரே.

சென்னை எழுப்பிய கேள்வி வேறு. ஐசோனியசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளையும் வீட்டிலிருந்தே ஓராண்டு சாப்பிடும் ஏழை நோயாளி, சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெறுபவரைப்போலத் தேறுவாரா? படுக்கைகளோ மிகக் குறைவு, நோயாளிகளோ ஏராளம். 193 பேர் சேர்க்கப்பட்டு, சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர். ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கிய நிலையை அடைந்தவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு.

இந்த ஆறு புள்ளி வேறுபாட்டை எப்படிப் படிப்பது? முதன்மைக் கணக்கில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 80 பேர் இருந்தனர். எளிய சூத்திரத்தால் 95 விழுக்காடு நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால், உண்மையான வேறுபாடு, வீட்டுக்குச் சாதகமான மூன்று நான்கு புள்ளிகளில் தொடங்கி சானடோரியத்துக்குச் சாதகமான பதினைந்து புள்ளிகள் வரை எங்கும் இருக்கலாம் என்று வருகிறது. ‘வேறுபாடு நிறுவப்படவில்லை’ என்பதும் ‘இரண்டும் சமம்’ என்பதும் ஒன்றல்ல. இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி ஒரு நாட்டின் சிகிச்சை முறையை மாற்றியிருந்தால் அது அவசரம்.

சென்னை ஆய்வின் மேன்மை, அது ஒரே எண்ணோடு நிற்காததில் இருக்கிறது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால் ஐந்தாண்டு முடிவில் இரு குழுவினரும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தனர். எடை நல்ல அறிகுறிதான், குணமாவதோ வேறு. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த உறவினர்களையும் ஐந்தாண்டு கவனித்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. தொற்றின் பெரும்பகுதி, நோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை தொடங்குமுன்பே நடந்து முடிந்திருந்தது. அறிவிக்காமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தும், சிறுநீரைச் சோதித்தும், மருந்தை உண்மையாகவே சாப்பிடுகிறார்களா என்று அறிந்தார்கள். இத்தனை சான்றுகள் ஒரே திசையைக் காட்டியதால்தான் வீட்டுச் சிகிச்சை நிலைபெற்றது. ஆய்வுக்கு வெளியே பெரும்பாலானோர் முன் இருந்த தேர்வு வீடா சானடோரியமா என்பது அல்ல. சிகிச்சை உண்டா இல்லையா என்பதே. அதை எண்ணும்போது 86 என்பது மிகப் பெரிய எண்.

1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. பிரிட்டனின் பள்ளி மாணவர்களிடம் அந்த ஊசி சுமார் 80 விழுக்காடு பாதுகாப்புத் தந்திருந்தது. இங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு, பாரிஸ், கோபன்ஹேகன் ஆகிய இரு வகை ஊசிகளையும் வெற்று ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஏழரை ஆண்டு கழித்து வந்த விடை, பாதுகாப்பு இல்லை என்பது. சூழலில் உள்ள பிற மைக்கோபாக்டீரியாக்கள் மக்களின் நோய் எதிர்ப்பை முன்கூட்டியே மாற்றிவிட்டதால் ஊசியின் பயன் மறைந்திருக்கலாம் என்ற விளக்கம் இன்றுவரை விவாதத்தில் உள்ளது. எண்ணிக்கை பெரிது, முறை கறார். ஆகவே இந்த விடையைத் தற்செயல் என்று தள்ள முடியாது. அதே வேளையில் அது பிரிட்டன் விடையைப் பொய்யாக்கவும் இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் பெற்ற விழுக்காட்டை இன்னொன்றுக்குப் பெயர்க்கும் பழக்கமே அங்கே தோற்றது.

செங்கல்பட்டு முடிவைக் கொண்டு பிசிஜியே வீண் என்று முடிவுகட்டினால், அதுவும் பிழையான வாசிப்பு. அங்கே அளக்கப்பட்டது, சளியில் கிருமி காணும் நுரையீரல் காசநோய். கைக்குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் காசநோயும் உடலெங்கும் பரவும் வகையும் அந்த அளவீட்டுக்குள் வரவில்லை. அவற்றுக்கு எதிராக ஊசி பாதுகாப்புத் தருகிறது என்பதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால்தான் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு இன்றும் பிசிஜி போடப்படுகிறது. வளர்ந்தவர்களிடையே நோயைக் கட்டுப்படுத்த, நோயாளியைக் கண்டறிந்து முழுக்காலமும் மருந்து கொடுக்கும் வேலை தொடர்கிறது.