மணமுறிவு: நீதிமன்றத் தீர்ப்பும் திருச்சபைத் தீர்ப்பும்



"பிஷப் ஹவுஸ்ல இருந்து பேப்பர் வந்திருச்சு சாமி, இனி கோர்ட்டு எதுக்கு?" புளியங்குடி, தென்காசிப் பக்கத்துப் பங்குகளில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. "கோர்ட்டுல விவாகரத்து ஆயிருச்சு, கோவில்ல கல்யாணம் வைக்க என்ன தடை?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்விகளுக்கும் காரணம் ஒரே குழப்பம்தான். அதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமணத்தை முறிக்க வழிகாட்டுவது நம் எண்ணமல்ல. ஆனால் முறிந்துபோன குடும்பங்கள் நம் பங்குகளிலும் உள்ளன. அறியாமையால் அவர்களின் துன்பம் இரட்டிப்பாகிவிடக் கூடாது அல்லவா?

இரண்டு தீர்ப்புகள் எதற்கு?

கத்தோலிக்கத் திருமணம் ஒரு திருவருட்சாதனம். அதே நேரத்தில் அது நாட்டின் சட்டப்படியும் ஒரு திருமணம். ஆகவே திருச்சபைத் தீர்ப்பாயம் சொல்வது திருச்சபைக்குள் செல்லும். நீதிமன்றம் சொல்வது நாட்டில் செல்லும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

1996-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. கேரளத்தைச் சேர்ந்த ஒரு பெண், தம் முதல் திருமணத்தைத் திருச்சபைத் தீர்ப்பாயம் செல்லாது என அறிவித்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாததால், சட்டத்தின் பார்வையில் முதல் திருமணம் நீடிக்கிறது என்றும், அவருடைய இரண்டாம் திருமணம் செல்லாது என்றும் தீர்ப்பானது. திருச்சபைத் தீர்ப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட பொதுநல வழக்கையும் 2017 சனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

முதல் திருமணம் சட்டப்படி நீடிக்கும்போது மறுமணம் செய்வது ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பங்குத்தந்தை இரண்டு தீர்ப்புகளையும் கேட்பது அலைக்கழிப்பதற்காக அல்ல என்பது இப்போது புரியும்.

நாட்டுச் சட்டம் சொல்வது

இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் பொருந்தும். முன்பு கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமை போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அநீதியை நீக்கியது. இன்று இருவருக்கும் பொதுவான முக்கியக் காரணங்கள் இவை:

1. விபசாரம்.
2. உடலுக்கோ மனத்திற்கோ தீங்கு வரும் என அஞ்சத்தக்க கொடுமை.
3. குறைந்தது இரண்டு ஆண்டுகள் கைவிட்டுச் செல்லுதல்.
4. வேறு மதத்திற்கு மாறுதல்.
5. குறைந்தது இரண்டு ஆண்டுகளாக நீடிக்கும் குணமாகாத மனநோய்.
6. ஏழு ஆண்டுகளாக உயிரோடிருப்பதாகத் தகவல் இல்லாமை.

இருவரும் மனமொத்துப் பிரிய 10-அ பிரிவு வழிசெய்கிறது. இரண்டு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. 2010-இல் கேரள உயர் நீதிமன்றம் ஓராண்டே போதும் எனத் தீர்ப்பளித்தது. எனவே காலக்கணக்கை வழக்கறிஞரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். மனு கொடுத்து ஆறு மாதத்திற்குப் பின்னும் பதினெட்டு மாதத்திற்குள்ளும் இருவரும் மீண்டும் முன்வந்து, சம்மதத்தை உறுதிப்படுத்த வேண்டும்.

திருமணம் நடந்த இடம், தம்பதியர் வாழும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஒன்றுக்கு உரிய குடும்ப நல நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ மனு கொடுக்கலாம். மறுதரப்புக்குச் சம்மன் போகும். சமரச முயற்சி, சாட்சி விசாரணை, பின்னர் தீர்ப்பு. சம்மனை வாங்காமல் ஒளிவது தவறு. வராதவரை விட்டுவிட்டு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரக்கூடும். மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகே மறுமணம் செய்யலாம்.

வழக்கு நடக்கும்போதே மனைவி இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளைகள் யாரிடம் வளர்வது, படிப்புச் செலவு யாருடையது என்பதையும் நீதிமன்றம் தீர்மானிக்கும்.

திருச்சபைச் சட்டம் சொல்வது

திருச்சபை செல்லத்தக்க திருமணத்தை முறிப்பதில்லை. "இது தொடக்கத்திலேயே உண்மையான திருமணமாக இருந்ததா?" என்றுதான் மறைமாவட்டத் தீர்ப்பாயம் ஆராய்கிறது. வற்புறுத்தலால் சொன்ன சம்மதம், திட்டமிட்ட ஏமாற்று, மணவாழ்வின் கடமைகளை ஏற்க இயலாத அளவு மனநிலைக் குறைபாடு போன்றவை திருமண நாளிலேயே இருந்தனவா என்று பார்க்கிறது. பின்னாளில் வந்த சண்டையோ குடியோ தன்னளவில் காரணமாகாது.

திருமணப் பிணைப்பைக் காக்க வாதிடுவதற்கென்றே ஒருவர் இவ்விசாரணையில் இருப்பார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்நடைமுறையை எளிதாக்கினார். முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒத்துச் சொல்ல வேண்டும். இப்போது மேல்முறையீடு இல்லையேல் ஒரே தீர்ப்பு போதும்.

இரண்டு பயங்களை இங்கே போக்க விரும்புகிறோம். திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டால் பிள்ளைகள் முறைகேடானவர்கள் ஆகிவிடுவார்களோ என்று தாய்மார் கலங்குகிறார்கள். இல்லை, அவர்கள் முறையான பிள்ளைகளே என்று திருச்சபைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. அதுபோல, நீதிமன்றத்தில் மணமுறிவு பெற நேர்ந்து, மறுமணம் செய்யாமல் வாழ்பவர் அந்தக் காரணத்தால் மட்டும் நற்கருணையிலிருந்து விலக்கப்படுவதில்லை.

அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. துணைவரால் தனக்கோ பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்து இருக்குமானால் பிரிந்து வாழ்வதைத் திருச்சபைச் சட்டமே அனுமதிக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணையும் தங்கும் உரிமையும் உண்டு. அதற்கு மணமுறிவு வழக்குப் போட்டிருக்கத் தேவையில்லை. பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

"வக்கீல் பீஸுக்கு எங்கே போவேன்?" என்று தயங்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

நாம் செய்ய வேண்டியது

பிரிந்து வாழும் ஒருவர் திருப்பலிக்கு வரும்போது, அவர் காதுபடப் பேசாமலிருப்பதே நாம் செய்யும் முதல் உதவி. அடுத்து, சரியான தகவலைச் சொல்வோம். சேர்ந்து வாழ வழியிருந்தால் பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்வோம். வழியில்லையென்றால் நீதிமன்றத்திற்கும் தீர்ப்பாயத்திற்கும் போகத் துணையாக நிற்போம். காயப்பட்ட குடும்பங்களுக்கு நாம் காட்டக்கூடிய கிறிஸ்தவ அன்பு இதுவே.