கம்பைலருக்காக வந்த ஷெல்

விண்டோசுக்குள் யூனிக்ஸ் ஷெல் வேண்டும் என்று முதலில் யாரும் ஆசைப்படவில்லை. தேவைப்பட்டது கம்பைலர்தான்.

1995. குனு நிரல்களை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அவற்றைப் பராமரிப்பதற்குக் காசு வாங்கிய அமெரிக்க நிறுவனம் சிக்னஸ். அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் சேம்பர்லேன் ஒன்றைக் கவனித்தார். விண்டோஸ் என்டியும் விண்டோஸ் 95-உம் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு யூனிக்ஸ் வழிவந்த காஃப் வடிவத்தையே எடுத்துக்கொண்டிருந்தன. குனு கம்பைலரான ஜிசிசியின் குடும்பத்துக்குக் காஃப் பழக்கம். இன்டெல் சில்லும் பழக்கம். நியூலிப் என்ற சி நூலகம் சிக்னசின் கையிலேயே இருந்தது. ஆக, விண்டோசுக்கு எக்ஸ்இ கோப்பு தரும் ஜிசிசி எட்டாத தூரத்தில் இல்லை.

அந்த ஜிசிசியை விண்டோசிலேயே கட்டுவதில்தான் சிக்கல். கட்டத் தொடங்கவே கான்பிகர் என்ற ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். அதற்கு ஷெல் வேண்டும். ஷெல்லுக்கு ஃபோர்க் வேண்டும். யூனிக்ஸில் ஒரு ப்ராசஸ் தன்னையே நகலெடுத்துப் பிள்ளை பெறும். விண்டோசில் அந்த வழக்கமில்லை. ஒவ்வொரு கருவியையும் திருத்தி எழுதுவதற்குப் பதில், யூனிக்ஸ் அழைப்புகளை விண்டோஸ் அழைப்புகளாக மாற்றித் தரும் ஒரே டிஎல்எல்லை எழுதினார்கள். அதுதான் சிக்வின். பிள்ளை ப்ராசஸை நிறுத்திவைத்த நிலையில் பிறக்கச் செய்து, தாயின் நினைவகத்தை அதற்குள் கொட்டி, பிறகு ஓடவிடும். வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. ஆயிரம் சின்னக் கட்டளைகளைக் கிளப்பும் கான்பிகரை சிக்வினில் ஓடவிட்டவர்களுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

கதை திரும்புவது இதற்குப் பிறகு. ஷெல்லைப் பிடித்துக்கொண்டவர்கள், அது எதற்காக வந்ததோ அந்த ஜிசிசியை ஓரம்கட்டத் தொடங்கினார்கள். சிக்வின் ஜிசிசி சாதாரணமாகத் தரும் நிரலுக்கு அந்த டிஎல்எல் கூடவே வர வேண்டும். மைக்ரோசாப்ட் கம்பைலரில் செய்த நூலகங்களோடு, குறிப்பாக சி++ நூலகங்களோடு, அது ஒட்டவும் ஒட்டாது. அதனால் மேக் கோப்பும் ஸ்கிரிப்டும் பாஷ் ஷெல்லில் இருக்கட்டும், கம்பைலர் மட்டும் விஷுவல் ஸ்டூடியோவின் சிஎல் ஆகட்டும் என்றார்கள்.

அங்கேதான் எல்லைத் தகராறு. காரைக்கால் பக்கத்து அம்பகரத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பேரளம் பக்கம் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். மண்ணும் பேச்சும் ஒன்றுதான். வண்டி எண்ணும் வரியும் வேறு. சிக்வினும் விண்டோசுக்கு நடுவே அப்படி ஒரு தனி நிர்வாகம்.

முதல் தகராறு சாய்கோட்டில். பாஷில் கோப்பின் முழுப் பாதை சாய்கோட்டில் தொடங்கும். சிஎல்லுக்கோ சாய்கோடு என்றால் ஆப்ஷன். ஹோம் ஃபோல்டரில் இருக்கும் கோப்பை அப்படியே கொடுத்தால், இப்படி ஒரு ஆப்ஷன் தெரியாதே என்று எச்சரிக்கும். பாதையை மாற்றித் தர சிக்பாத் என்ற கட்டளை வந்தது. சிக்வினிலிருந்து கிளைத்த எம்சிஸ், பயனருக்குச் சிரமம் வேண்டாம் என்று தானே மாற்றித் தந்தது. அந்த நல்லெண்ணமே வினையானது: லிங்க் செய்யாமல் கம்பைல் மட்டும் செய் என்று சொல்லும் 'சாய்கோடு சி' ஆப்ஷனை சி டிரைவ் என்று நினைத்து மாற்றிவிடும். நல்லவேளையாக, சிஎல் சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோட்டையும் ஏற்கும்.

இரண்டாவது தகராறு பெயரில். மைக்ரோசாப்டின் லிங்கர் பெயர் லிங்க். யூனிக்ஸிலும் லிங்க் என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு. ஒரு கோப்புக்கு இன்னொரு பெயர் வைப்பது அதன் வேலை. யாரும் தேடிப்போய்ப் பயன்படுத்துவதில்லை. ஆனால் பாத் வரிசையில் அதுவே முன்னால் நிற்கும். கம்பைல் எல்லாம் முடிந்து, கடைசிப் படியில் அது வந்து 'கூடுதல் ஆபரண்ட்' என்று முறையிடும்போது, கம்பைலரைச் சந்தேகிக்காத புதியவர் குறைவு.

சிஎல்லுக்குத் தேவையான சூழல் மாறிகளுக்கும் ஒரு சுற்றுவழி உண்டு. அவற்றை அமைப்பது விஷுவல் ஸ்டூடியோவின் பேட்ச் கோப்பு; பாஷுக்கு அது புரியாது. எனவே முதலில் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் அதை ஓட்டி, அங்கிருந்தே பாஷைக் கிளப்புவார்கள். கேட்க அசிங்கமாக இருந்தாலும் இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இது ஏதோ மூலையில் நடந்த விளையாட்டு அல்ல. ஜாவாவின் ஓபன்ஜேடிகே விண்டோசுக்குக் கட்டப்பட்டது இப்படித்தான். பாதைகளை மாற்றவே அதில் ஃபிக்ஸ்பாத் என்று தனி நிரல் இருக்கிறது. தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கும் லிப்ரேஆபிஸும் நெடுங்காலம் சிக்வினிலிருந்து மைக்ரோசாப்ட் கம்பைலரை அழைத்தே விண்டோசுக்குத் தயாரானது. ஃபயர்பாக்ஸ்காரர்கள் எம்சிஸை எடுத்துத் தங்களுக்கென்று மொசில்லாபில்ட் என்ற மூட்டையைக் கட்டிக்கொண்டார்கள்.

2016-ல் மைக்ரோசாப்டே விண்டோசுக்குள் லினக்ஸை இறக்கியது. முதல் பதிப்பில் அந்த ஷெல்லிலிருந்து விண்டோஸ் நிரல் எதையும் அழைக்க முடியாது. அடுத்த ஆண்டு அந்தக் கதவைத் திறந்தார்கள். பின்னாலேயே, 2018-ல், சிக்பாத் பார்த்த வேலையைப் பார்க்க டபிள்யூஎஸ்எல்பாத் என்று ஒரு கட்டளையையும் சேர்க்க வேண்டியதாயிற்று.