மாறுவேடம் யாருடையது? பேரூர் நாற்று நடவு பற்றிச் சில குறிப்புகள்

பேரூர் பட்டீசுவரர் கோயிலில் ஆனி மாதம் நடக்கும் நாற்று நடவு விழாவைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது 'சாமி நாத்து நடற நோம்பி', அவ்வளவுதான். அதை வரலாறாக வாசிக்க வேண்டும் என்று தோன்ற வெகுநாளாயிற்று.

தலத்துக் கதை தெரிந்ததுதான். சுந்தரர் வருகிறார், பொருள் கேட்பார். கொடுக்க ஒன்றுமில்லாத சிவன் பள்ளனாகவும் உமை பள்ளியாகவும் வேடமிட்டுக் காஞ்சி ஆற்றங்கரை வயலில் (இன்றைய நொய்யல்) நடவுக்கு இறங்குகிறார்கள். சொல்லாதே என்று நந்திக்குக் கட்டளை. நந்தி வாய் திறக்கவில்லை, கண்ணால் காட்டிவிட்டது. மண்வெட்டியால் விழுந்த அடியில் அதன் தாடை சிதைந்ததாம்.

சைவப் பிரதி இதைக் கடவுளின் எளிமையாகப் பார்க்கிறது. நான் இதைப் புறத்திலிருந்து பார்க்கிறேன். நடவு என்னும் உழைப்பு முதலில் இருந்தது. அடியார் கதை பிறகு அதன்மேல் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அயர்லாந்தில் பிப்ரவரி 1-ஆம் தேதி புனித பிரிஜித் திருநாள். கோரையில் சிலுவை முடைந்து வீட்டில் மாட்டுவார்கள். அதே நாள்தான் பழைய வேளாண் பருவத்தின் தொடக்கம். புனிதர்கள் பெரும்பாலும் குடியானவர்களின் நாட்காட்டிக்குள் குடியேறியவர்களே.

ஆனால் பேரூரில் இன்னொரு சிக்கல். விழாவில் நாற்று நடும் உரிமை தேவேந்திரகுல மக்களுடையது. கதையில் கடவுளுக்கு அது வேடம். கலைத்துவிட்டுக் கருவறைக்குத் திரும்பிவிடலாம். நட்டவர்களுக்கு அது வேடமல்ல. இத்தகைய பெருங்கோயில்களுக்குள் நுழைவதை ஒடுக்கப்பட்ட சாதியினர் அனைவருக்கும் சட்ட உரிமையாக்க, 1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது. வயலில் சாமியாக இருந்தவன் வாசலில் யாராக இருந்தான்?

அதே நேரம், இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கவும் முடியவில்லை. ஒரு பெரியவரிடம் கேட்டேன். "சாமி வேசம் போட்டுதுன்னு அவிய சொல்றாங்க. எங்க வேலைய சாமி செஞ்சுதுன்னு நாங்க சொல்றோமுங்க" என்றார். ஒரே சடங்கு, இரண்டு கதையாடல்கள். பட்டியலில் இருந்த ஏழு பெயர்களைத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்று ஒன்றாக்கிய 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னாலும் பெயர் பற்றிய இந்தப் பழைய வழக்குத்தான் இருக்கிறது.

மரியாதை கிடைத்தது. நிலம்? கோவையைச் சுற்றி நஞ்சை மனைகளாகிவிட்டது. நொய்யலின் கதி நமக்குத் தெரியும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட 2011-இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. விழாவுக்கென ஒதுக்கிய சிறு சேற்றுத் துண்டில் நாற்று இன்னும் ஊன்றப்படுகிறது. நடவாளிக்கு நிலம் இல்லாத நாற்று நடவு எதை நினைவூட்டுகிறது, எதை மறக்கச் செய்கிறது? நண்பர்கள் இதை விவாதிக்க வேண்டும்.