மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும் விமானம்

இன்னிக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் கிடையாது மக்களே. ஒரு விளையாட்டோட வரலாறு. த்ரெட் கொஞ்சம் நீளம், டீயை எடுத்துட்டு வந்துடுங்க.

டிவியில் மாட்டி விளையாடும் கேசட் வீடியோ கேம் ஞாபகம் இருக்கா? திரையின் அடியில் உங்கள் விமானம். தரை மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டே வரும். எதிரிகளும் மேலிருந்து வருவார்கள். சுட்டுக்கிட்டே, தப்பிச்சுக்கிட்டே போகணும். அவ்வளவுதான் விளையாட்டு. இதுக்காகத்தான் பலர் படிப்பைக் கோட்டை விட்டோம்.

இந்த வகையின் தாத்தா, 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ். டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் படம், நிரல், மின்சுற்று என்று எல்லாவற்றையும் ஏறக்குறைய தனி ஆளாகச் செய்தார். இதில் தரை நகராது. 55 வேற்றுக்கிரக ஜந்துக்கள் வரிசை கட்டிக் கீழே இறங்கும்.

இங்கேதான் சுவாரஸ்யம். 55 உருவங்களையும் நகர்த்த அந்தக் காலத்துச் சிப்புக்கு மூச்சு வாங்கியது. நீங்கள் ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்த வீழ்த்த அதன் சுமை குறையும். மிச்சம் இருப்பவை வேகமெடுக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. நிஷிகாடோ பார்த்தார், ‘நல்லா இருக்கே’ என்று அப்படியே விட்டுவிட்டார். பின்னணியில் ‘டம்... டம்... டம்’ என்று வரும் நான்கு ஸ்வரச் சத்தமும் கூடவே வேகமெடுக்கும். மானிட்டர் சத்தத்தோடயே வாழுற எனக்கு அதைக் கேட்டா, நாடித்துடிப்பு ஏறுற மாதிரியேதான் இருக்கு.

(இந்த விளையாட்டால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்ததாக ஒரு கதை சுத்தும். ஆதாரம் கிடையாது, ஃபார்வர்ட் பண்ணாதீங்க. ஆனால் 1981-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மணிக்கட்டு’ என்று மணிக்கட்டு வலி பற்றி ஒரு கடிதம் வந்தது நிஜம்.)

அடுத்து தரையும் நகர ஆரம்பித்தது. கடைகளில் வைக்கும் பெட்டிகளில் பல, டிவி குழாயைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தவை. காரணம் எளிது. மேலே எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அவ்வளவு நேரம் யோசிக்கக் கிடைக்கும்.

வீட்டு டிவிக்கு வந்தவற்றில் எனக்குப் பிடித்தது ரிவர் ரெய்ட், 1982. அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக கரோல் ஷா என்ற பெண் எழுதியது. ஆற்றின் மேலே பறக்கணும், பெட்ரோலும் பிடிக்கணும். மொத்த விளையாட்டும் 4 கிலோபைட்! அவ்வளவு நீள ஆற்றைச் சேமிக்க அதில் ஏது இடம்? ஒரு கணக்குச் சூத்திரம் ஓட ஓட ஆற்றை உருவாக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் அதே ஆறு.

இதைத்தான் 1984-ல் மேற்கு ஜெர்மனி ‘இளைஞர்களுக்குக் கேடு’ என்று பட்டியலில் சேர்த்தது. தசைப்பிடிப்பு, தலைவலி, கோபம் வரும் என்றார்கள். 2002-ல்தான் நீக்கினார்கள். குனிஞ்சு உட்கார்ந்து அஞ்சு மணி நேரம் எதைப் பண்ணினாலும் தலைவலி வரும்ங்க, பரீட்சைக்குப் படிச்சாலும்!

அதே 1984-ல் கேப்காம் நிறுவனத்தின் 1942. யோஷிகி ஒகமோட்டோ வடிவமைத்தது. நீங்கள் ஓட்டுவது அமெரிக்காவின் பி-38 போர் விமானம், போய்ச் சேர வேண்டிய இடம் டோக்கியோ. செய்தது ஜப்பானிய நிறுவனம்! வெளிநாட்டிலும் விற்கணுமே. வியாபாரம் எதையும் செய்யும்.

பிறகு ஒரு சிக்கல். கடைக்காரருக்கு ஆட்டம் சீக்கிரம் முடிந்து அடுத்த காசு விழணும். ஆனால் ஊறிப்போன ஆட்டக்காரர்கள் ஒரே காசில் மணிக்கணக்கில் நின்றார்கள். அதனால் ஒவ்வொரு புது விளையாட்டும் முந்தையதைவிடக் கடினமானது. புதுசாக வருபவர் முப்பது விநாடியில் செத்துப்போய் வேறு பெட்டிக்குப் போய்விடுவார். 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்த வகையில் பேர் போன டோவாப்ளான் நிறுவனம் 1994-ல் திவாலானது.

அங்கே வேலை பார்த்தவர்கள் சிலர் தொடங்கிய கேவ் நிறுவனம் 1995-ல் டான்பாச்சி, 1997-ல் டோடான்பாச்சி என்று வெளியிட்டது. திரை முழுக்க தோட்டாக்கள், பூக்கோலம் மாதிரி விரியும். பார்த்தாலே பயம் வரும். உள்ளே ஒரு இரக்கம் இருக்கு. தோட்டாக்கள் பல மெதுவாகத்தான் வரும். உங்கள் விமானத்தின் நடுவில் உள்ள சின்னஞ்சிறு புள்ளியில் பட்டால்தான் சாவு. இறக்கையை உரசிப் போனால் ஒன்றும் ஆகாது. பார்க்க முடியாத காரியம் போலத் தெரியும், செய்து பார்த்தால் முடியும். செத்தாலும் எங்கே தப்பு செய்தோம் என்பது நமக்கே தெரியும். அதனால்தான் கை தானாக அடுத்த காசைத் தேடுது. இப்போ பணம் கட்டினால்தான் ஜெயிக்க முடியும் என்கிற மொபைல் கேம்களில் இந்த நேர்மை எங்கே இருக்கு, சொல்லுங்க?

விளையாடிப் பார்க்கப்போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். உங்கள் விமானத்தையே முறைச்சுப் பார்க்காதீங்க. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி ரொம்பச் சின்னது. அசைவைக் கண்டுபிடிக்க ஓரப்பார்வையே போதும். கண்ணை விமானத்துக்குக் கொஞ்சம் மேலே வைங்க, விமானம் தானாக வழி பார்த்துக்கும்.

வெளிச்சம் மின்னினால் வலிப்பு வரும் தன்மை உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்த்துடுங்க. மத்தவங்க, உங்க வீட்டு கேசட்டில் என்ன கேம் இருந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.