ஆபரேட்டர்னா யாருங்க தாத்தா?

போன மாதம் நம் மொட்டை மாடியில் குழந்தைகளுக்காகப் படம் போட்டோம் அல்லவா? பாதிப் படத்தில் திரை அப்படியே உறைந்துபோய், நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பழைய பழக்கத்தில், "ஆபரேட்டர்!" என்று குரல் கொடுத்தார். நாலைந்து பேர் சிரித்தோம். யாரோ விசிலும் அடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி கேட்டாள்: "ஆபரேட்டர்னா யாருங்க தாத்தா?"

வைஃபை சரியாகப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் அவளுக்கு முழுப் பதிலையும் சொல்லி முடிக்க முடியவில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

வெரைட்டி ஹால் ரோட்டிலிருந்து தொடங்கலாம்

கோவைக்காரர்களான நாம் இந்தக் கதைக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. டவுன்ஹால் பக்கம் போகும்போது வெரைட்டி ஹால் ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய திரையரங்கின் பெயர்தான் அந்தச் சாலைக்கு நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் அதே அரங்கை டிலைட் என்று அழைத்தார்கள்.

வின்சென்ட் கோவையில் பிறந்தவர். திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தார். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படக்கருவியோடு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நேர்ந்தபோது, கருவியையும் கையிலிருந்த சில படங்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். முதலாளியும் அவரே, கருவியை ஓட்டத் தெரிந்தவரும் அவரே.

அது பேசாத படக் காலம். கைப்பிடியைக் கையால் சுற்றித்தான் படத்தை ஓட்ட வேண்டும். கை வேகமாகச் சுழன்றால் திரையில் மனிதர்கள் துள்ளி ஓடுவார்கள். கை தளர்ந்தால் படமும் தளரும்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானது. பேசும் படம் வந்த பிறகு வேகத்தில் ஏற்ற இறக்கம் கூடாது. வேகம் மாறினால் குரலும் மாறிவிடும். நொடிக்கு 24 படங்கள் என்பது விதியானது. கைப்பிடியின் இடத்தை மோட்டார் பிடித்தது. ஆபரேட்டரின் கைக்கு ஓய்வு கிடைத்தது. கண்ணுக்கும் காதுக்கும் வேலை கூடியது.

அந்த அறைக்குள் என்ன நடந்தது?

மூன்று மணி நேரப் படம் ஒன்றில் 2,59,200 தனித்தனிப் படங்கள் இருக்கும். 35 எம்எம் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள் என்று கணக்கு வைத்தால், மொத்த நீளம் 16,000 அடியைத் தாண்டும். அதாவது ஆயிரம் அடி ரீல்கள் பதினாறு, பதினேழு. ஃபிலிமின் எடை மட்டுமே 40 கிலோவை நெருங்கும். இதைத்தான் 'படப்பெட்டி' என்று மாலை போட்டு வரவேற்றோம்.

இரண்டிரண்டு ரீல்களைச் சேர்த்துச் சுற்றினால் ஒரு மெஷினில் சுமார் 22 நிமிடம் ஓடும். அதனால் நல்ல தியேட்டர்களில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று ஓடும்போது மற்றொன்றில் அடுத்த ரீலை மாட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். ரீல் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றி மறையும். நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்தான் அது தெரியும். அதைப் பார்த்ததும் இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி வரும். அப்போது ஒரு மெஷினின் ஒளியை மூடி, மற்றதைத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தால் கீழே உட்கார்ந்திருக்கும் நமக்கு எதுவுமே தெரியாது. கண் ஒரு கணம் அசந்தால் திரை வெள்ளையாகும், அரங்கு முழுக்க அவர் பெயர் முழங்கும்.

விளக்கு இன்னொரு தனிக் கதை. செனான் விளக்குகள் பரவுவதற்கு முன் கார்பன் குச்சிகள்தான். இரண்டு குச்சிகளின் முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும் ஒளி அது. வெப்பம் 3,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல். எரிய எரியக் குச்சிகள் தேயும், இடைவெளி கூடும், ஒளி மங்கும். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புகை போகக் குழாய் உண்டு. ஆனாலும் கோடையில் மேட்னி காட்சிக்கு அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒலியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. படங்களின் ஓரமாக ஓடும் மெல்லிய கோட்டில்தான் ஒலி பதிவாகியிருக்கும். ஒரு படத்துக்குரிய ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது, சுமார் 20 படங்கள் தள்ளி இருக்கும். லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஒவ்வொரு படமாக நின்று நின்று நகரும். ஒலியைப் படிக்கும் இடத்திலோ அது சீராக ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஃபிலிமைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து விடுவார்கள். அந்த வளைவின் அளவு தவறினால் கதாநாயகனின் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றும்போது ஃபிலிமின் ஓரத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டே வருவார் ஆபரேட்டர். கிழிசல் இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். அங்கே வெட்டி, சுரண்டி, பசை வைத்து ஒட்டுவார். வெட்டிப் போட்ட துண்டுகள் தெருப் பிள்ளைகளுக்குப் பொக்கிஷம். ஃபியூஸ் போன பல்புக்குள் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் காட்டியவர்கள் நம் குடியிருப்பிலும் இருப்பீர்கள். நம்முடைய முதல் தியேட்டருக்கு ஃபிலிம் கொடுத்தது அந்த ஆபரேட்டரின் குப்பைக்கூடைதான்.

டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே மெஷின். ரீல் மாற்றும் நேரமெல்லாம் இடைவேளை. ஒரு படத்துக்கு மூன்று நான்கு முறை முறுக்கும் சோடாவும் விற்றதற்கு அதுதான் காரணம். இரண்டு தியேட்டருக்கு ஒரே பிரதி என்றால், ஓடி முடிந்த ரீலை சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பையன் பறப்பான். சைக்கிள் பஞ்சரானாலும் திட்டு விழுவது என்னவோ ஆபரேட்டருக்குத்தான்.

நெருப்புப் பெட்டிக்குள் வேலை

இன்று பலர் அறியாத விஷயம் ஒன்று. 1950-களின் தொடக்கம் வரை பயன்பட்ட ஃபிலிம் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. எளிதில் பற்றும், பற்றினால் அணைப்பது மிகக் கடினம். காற்று இல்லாவிட்டாலும் எரியும். அதன் புகை நஞ்சு. அதற்குச் சில அங்குலம் தள்ளித்தான் கார்பன் நெருப்பு.

1929 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் கிளென் சினிமாவில் குழந்தைகளுக்கான காட்சி நடந்தது. அப்போதுதான் ஓடி முடிந்த ஃபிலிம், டப்பாவுக்குள் புகையத் தொடங்கியது. புகை அரங்குக்குள் வந்ததும் குழந்தைகள் கூட்டமாக ஓடினார்கள். வெளியேறும் வழியில் இருந்த இரும்புக் கதவு மூடியிருந்தது. 71 குழந்தைகள் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது நெரிசலும் மூச்சுத்திணறலும்தான். (நம் மாடிப்படிகளில் செருப்பு அலமாரியும் சைக்கிளும் வைக்க வேண்டாம் என்று சங்கம் ஓயாமல் சொல்வதற்கும் இதுவே காரணம்.)

இப்படிப்பட்ட ஆபத்துக்காகத்தான் படக்கருவி அறையைத் தீப்பிடிக்காத பொருளால் தனியே கட்டச் சொன்னார்கள். சுவரில் உள்ள சிறு ஜன்னல்களுக்குச் சட்டென்று விழும் இரும்பு மூடிகள் வைக்கச் சொன்னார்கள். பிரிட்டனின் 1909 சட்டம் பிறந்ததே தீ பயத்தில்தான். இந்தியாவின் 1918 சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் தணிக்கைக்காக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். பார்வையாளர்களின் பாதுகாப்பும் அதன் நோக்கமே. நம் மாநிலத்தில் ஆபரேட்டராக வேலை செய்ய அரசு உரிமம் பெற வேண்டியிருந்ததும் அதனால்தான்.

அந்த இரும்பு மூடி விழுந்தால் அரங்கில் இருப்பவர்கள் தப்பிப்பார்கள். மூடியைப் போட வேண்டியவர் அதற்கு உள்பக்கம் நிற்பார்.

மெஷின் மாறியது

முதலில் நைட்ரேட் போய், எளிதில் தீப்பற்றாத ஃபிலிம் வந்தது. பிறகு கார்பன் போய் செனான் வந்தது. 2005 வாக்கில் டிஜிட்டல் வந்தது. அதைப் பரப்பிய க்யூப் நிறுவனம் நம் சென்னையைச் சேர்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் படப்பெட்டி ஹார்ட் டிஸ்காகச் சுருங்கியது. படத்தைத் திறக்க ஒரு ரகசியச் சாவி எண், காட்சி தொடங்க ஒரு பட்டன். கீறல் இல்லாத படம், தெளிவான ஒலி, சிறிய ஊருக்கும் முதல் நாளே புதுப் படம். இதெல்லாம் நமக்கு வந்த லாபம். மறுக்க முடியாது.

ஆனால் விரல் நுனியில் கிழிசலை அறிந்தவருக்கு, ஒளியின் நிறத்தைப் பார்த்தே கார்பனின் அளவைச் சொன்னவருக்கு, அந்த அறையில் வேலை இல்லாமல் போனது. முப்பது வருடம் கற்ற வித்தையை எடுத்துக்கொண்டு போய்ச் செய்ய வேறு இடமும் கிடையாது. நடிகர்களுக்கு மன்றம் வைத்த ஊர் இது. அவர்களை நம் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்தவரின் பெயரை நாம் கேட்டதே இல்லை. 'ஆபரேட்டர்' என்று கத்தினோம், அதுவும் படம் நின்றபோது மட்டும்.

ஆகவே, குட்டிம்மா, ஆபரேட்டர் என்பவர் எல்லோரும் படம் பார்க்கும்போது புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

நம் குடியிருப்பில் யாராவது ஆபரேட்டராக இருந்திருந்தால், அல்லது உங்கள் அப்பாவோ தாத்தாவோ தியேட்டரில் வேலை செய்திருந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். அடுத்த முறை மொட்டை மாடியில் படம் போடுவதற்கு முன் அரை மணி நேரம் அவர் பேசட்டும். பிள்ளைகள் கேட்கட்டும்.